ஆயிரத்து எழுபதும் ஆயிரத்து அறுநூற்று ஐம்பதும்

மன்னார்குடியில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பிளஸ் டூ முடித்ததும் கேமராக்காரருக்கு லைட் பிடிக்கப் போனேன். கம்ப்யூட்டர் வந்தபோது அதன் முன்னால் உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆட்களோடு பேசுவதைவிட திரையில் இருக்கும் பெண் மாப்பிள்ளையோடு இருப்பது எனக்குச் சுலபம். அவர்கள் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள்.

வெட்டி ஒட்டிய கல்யாணத்தைக் கடைசியில் ஒரே படமாக எழுதி எடுப்பதை ரெண்டர் என்போம். அந்தப் பளுவைத் தூக்குவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. ஒரு சித்திரை வெயிலில் எங்கள் கார்டின் விசிறி நின்றுபோய், திரை அணைந்து அணைந்து வந்தது. அதன் கதை முடிந்தது என்று முதலாளி முடிவு செய்தார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். புதுசு வாங்கிவர என்னைத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்.

அந்த வருஷம் கார்டு கிடைப்பதே அபூர்வம். கடையில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் வயலில் நின்றுகொண்டிருந்தார்.

"நம்மளது எத்தனாம் நம்பர்ப்பா?"

"ஆயிரத்து எழுபதுண்ணே."

"அங்க இருக்கிறது?"

"ஆயிரத்து அறுநூத்தி ஐம்பது."

"அடேயப்பா, எங்கியோ போயிட்டானே. யோசிக்காம எடுத்துட்டு வா."

அவர் மேல் மட்டும் தப்பில்லை. எங்கள் பக்கம் நெல்லுக்கே எண்தான் பெயர். சம்பாவுக்கு ஆயிரத்தொன்பது போட்டிருக்கிறேன் என்றால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். ஆடுதுறை முப்பத்தாறுக்குப் பிறகு நாற்பத்து மூன்று, அதற்குப் பிறகு நாற்பத்தைந்து. எண் கூடினால் புது ரகம் என்று எங்கள் காதுக்கே தெரியும். கார்டும் அப்படித்தான் என்று நானும் நினைத்தேன். கார்டில் முன்பாதி எண் எந்தத் தலைமுறை என்பதையும் பின்பாதி அந்தத் தலைமுறையில் எந்தத் தட்டு என்பதையும் சொல்லும் என்பது எனக்குத் தெரியாது. பழசு எழுபது, மேல்தட்டு. புதுசு ஐம்பது, கீழ்த்தட்டு. பழசில் எட்டு ஜிபி மெமரி. புதுசில் நாலு.

வந்த அன்றே தெரிந்துவிட்டது. பழசில் இருபத்திரண்டு நிமிஷத்தில் முடிந்த ஒரு வரவேற்பு வீடியோவைப் புதுசில் ஓட்டினேன். முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. கண்ணை நம்பாமல் இன்னொரு தரம் ஓட்டினேன். அதே முப்பத்தைந்து. அப்போது அண்ணன் உள்ளே வந்து, எப்படி இருக்கு என்று கேட்டார். பக்கத்தில் கல்யாணவீட்டுக்காரர்கள் இருவர் நின்றார்கள்.

"நல்லா இருக்குண்ணே" என்றேன்.

அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லுக்குள் போய் நான் உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணன் அந்த மெஷினுக்குக் கண்ணாடி வைத்த பெட்டி வாங்கினார். உள்ளே கார்டு நீலமாக மின்னும். வருகிறவர்களைக் கூட்டிப்போய்க் காட்டி, புது கார்டு, மூணாம் நாள் வீடியோ கையில் என்று வாக்குக் கொடுத்தார். இதற்கிடையில் ஒரு மெக்கானிக் பழைய கார்டின் தூசியைத் தட்டி, வேறு விசிறி மாட்டி, ஆல்பம் செய்யும் இரண்டாவது மெஷினில் போட்டுவிட்டுப் போனார். அது பழையபடி ஓடியது. சாவி என்னிடம் இருந்ததால் காலை ஆறு மணிக்கே கடையைத் திறப்பேன். பழைய கார்டில் ரெண்டர் போட்டு, அண்ணன் வருவதற்குள் புது மெஷினில் காப்பி செய்து வைத்துவிடுவேன். சொன்ன நாளில் வீடியோ போய்ச் சேர்ந்தது. புது கார்டின் பெயர் ஊரெல்லாம் பரவியது. நான் வேகமாக வேலை செய்யச் செய்ய, உண்மையைச் சொல்லும் நாள் தள்ளிப்போனது.

"தினம் விடியறதுக்குள்ள ஓடுறீங்களே, அந்தப் பெட்டிக்குப் பால் கறக்கணுமா?" என்பாள் என் மனைவி. அவளிடமும் சொல்லவில்லை.

ஒன்றேகால் வருஷம் இப்படிப் போனது. ஒரு ஆடி மாதக் கடைசியில் கீழ்வேளூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். தனியாகச் சின்ன ஸ்டுடியோ நடத்துகிறவள். எங்கள் பழைய கார்டும் அவளுடையதும் ஒரே நம்பர். எங்கள் வேகத்தைக் கேள்விப்பட்டு அண்ணனிடம் பேசியிருக்கிறாள், அவரும் புதுசுக்கு மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார். அவள் கார்டை வாங்கிக்கொள்ள திருவாரூரில் ஒருவர் தயாராக இருந்தார். இங்கே ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு, போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று அதை ஒரு துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தாள். ஆவணியில் மூன்று முகூர்த்தம் ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அதில் தாமதமானால் அடுத்த வருஷம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அண்ணன் உற்சாகமாகிவிட்டார். ரெண்டு மெஷினிலும் ஒரே வீடியோவைப் போடு, பந்தயம் விட்டுப் பார்த்துடுவோம் என்றார்.

ஐந்து நிமிஷத் தாலி கட்டும் காட்சியை எடுத்துவைத்தேன். என் கை தானாக ஒரு காரியம் செய்தது. பழைய கார்டுக்கு ஃபோர்கே என்ற பெரிய பட அளவு வைத்தேன், புதுசுக்கு ஃபுல் எச்.டி. நாலில் ஒரு பங்கு பளு. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டேன். புதுசு முடித்தபோது பழசு பாதியைக்கூடத் தாண்டவில்லை. அண்ணன் கைதட்டினார். அவள் தட்டவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டுக்கும் ஒரே அளவுதானே வெச்சீங்கண்ணே?"

அண்ணனும் என்னைப் பார்த்தார்.

"ஒரே அளவுதாம்மா."

அவள் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நானும் வெளியே வந்தேன். தெப்பக்குளத்துக் கரையில் நின்று போனை எடுத்தேன். திருவாரூர் போக ஒரு மணி நேரம்தான். அவள் கடையில் கொடுத்துவிட்டுப் போன நம்பரை இரண்டு முறை போட்டு, மணி அடிப்பதற்குள் கட் செய்தேன். மூன்றாவது முறை அடித்துவிட்டது. பயந்து அதையும் கட் செய்தேன். அவளே திரும்பக் கூப்பிட்டாள். பஸ் சத்தம் கேட்டது.

"கார்டைக் குடுத்துடாதீங்கம்மா" என்றேன். "உங்களதுதான் வேகம். நான் அளவை மாத்தி வெச்சிட்டேன்."



"அங்கயே சொல்லியிருக்கலாமேண்ணே."

"அண்ணன் இருந்தாரு."

"ஒரு கார்டைப் பத்திச் சொல்றதுக்கா இவ்வளவு பயம்?" அவள் குரலில் கோபம் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "சரி, குடுக்கல. உங்க பேரைச் சொல்லமாட்டேன், பயப்படாதீங்க."

சொன்னபடியே செய்தாள். சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்து, இப்போதைக்கு மாற்றவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அண்ணன் போனை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கண்ணால பார்த்துட்டுப் போயும் வேணாங்குது பாரு. பொம்பளை தனியா தொழில் பண்ணுனா இதான். பழசைக் கட்டிக்கிட்டு அழுவுது. ஆவணியில எப்படி முடிக்குதுன்னு பார்ப்போம்."

எனக்காக வாயை மூடிக்கொண்டவள் அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டிருந்தாள். நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தேன்.

"அது நல்ல கார்டுண்ணே" என்றேன்.

"எதுப்பா?"

கண்ணாடிப் பெட்டிக்குள் நீல வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றார்.

"நம்ம புதுசுதாண்ணே" என்றேன்.