பழைய துணி இல்லாத வீடு

திருப்பூரில் யாரும் கைக்குட்டை வாங்கி நான் பார்த்ததில்லை. டவுன் பஸ் கண்டக்டர் கழுத்தைத் துடைப்பதும், டீக்கடையில் பெஞ்சைத் துடைப்பதும், சைக்கிள் கடையில் கை துடைப்பதும் பனியன் வேஸ்ட்டால்தான். கம்பெனிகளில் துணி வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகள் அவை. நீலமும் ரோஸுமாகச் சாக்கடை ஓரத்தில்கூடக் கிடக்கும். தூத்துக்குடியிலிருந்து வந்த புதிதில் குனிந்து குனிந்து எடுத்துப் பார்ப்பேன். கிழிசல் இல்லாத புதுத் துணியை ஏன் எறிகிறார்கள் என்று புரியாது. ஊருக்குக் கடிதம் எழுதும்போது இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று விட்டுவிடுவேன். என்னைப் போலவே தெற்கேயிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.

எண்பதுகளின் கடைசியில், நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் டெய்லராகச் சேர்ந்த மறு வருஷம், எங்களுக்கு மகள் பிறந்தாள். எங்கள் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும். ஆனால் என் மனைவி செல்விக்குத் தாய் இல்லை. என் அக்காவுக்கோ அந்த மாதமே நாலாவது பிரசவம். ஆகவே திருப்பூர் ஆஸ்பத்திரியிலேயே பிள்ளை பிறந்தது. பிறந்த அன்றே நர்ஸம்மா என்னிடம், பழைய துணியாக நாலைந்து கொண்டுவாருங்கள் என்றார். வாடகை அறைக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு நல்ல வேட்டி, செல்வியின் நைலக்ஸ் சேலைகள், கல்யாணப் பட்டு. பழைய துணி என்று ஒன்றுமே இல்லை. ஊரைவிட்டுக் கிளம்புகிறவன் நைந்துபோன வேட்டியையா மடித்து எடுத்து வைப்பான்? ஊரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் பழைய சேலையைத் துவைத்துக் கிழித்து அனுப்பிவிடுவார்கள். பச்சைப் பிள்ளைக்குப் புதுத் துணி போடுவதே கிடையாது. துணி தைத்து உலகத்துக்கெல்லாம் அனுப்புகிற ஊரில், என் பிள்ளைக்கு இடுப்பில் சுற்ற ஒரு முழம் துணி இல்லாமல் நின்றேன்.

அன்றைக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் கொடுத்த இரண்டு துணியை வைத்துச் சமாளித்தோம். நான் கம்பெனிக்குப் போய் கட்டிங் மாஸ்டரிடம் சொன்னேன். ஒரு மூட்டையைக் காட்டி வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். மெல்லிய துணி மிருதுவாக இருந்தது, ஆனால் ஓரம் சுருண்டுகொண்டது. தடித்த துணி சூடு. இண்டர்லாக் என்கிற துணிதான் இரண்டு பக்கமும் வழுவழுப்பாக, ஈரத்தைக் குடிக்கிற மாதிரி இருந்தது. வெள்ளையில் சின்னத் துண்டுகளே கிடைத்தன. பெரிய துண்டெல்லாம் நல்ல சிவப்பு. ஒரு சாக்கு நிறைய எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் வீட்டுக்காரம்மா சரசக்கா குடத்தோடு குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தார். சாக்கைப் பார்த்துவிட்டு, “கொழந்தத் துணிக்குங்களா தம்பி? தெச்சா ஒட்டுக்கா தெச்சுப்போடுங்க” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

எனக்குத் தெரிந்த ஒட்டு, கிழிந்த சட்டைக்குப் போடுகிற ஒட்டு. முழுத் துணியாகத் தைக்காமல் ஒட்டுப் போட்டுத் தைக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஏன் என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் பழைய துணி ராசி என்பது போல, இந்தப் பக்கம் ஒட்டுத் துணி பிள்ளைக்கு ராசியோ என்னவோ. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் காண்டிராக்டரிடம் கேட்டுக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தேன். பெரிய சிவப்புத் துண்டுகளைக்கூட நாலாக வெட்டி, இடையிடையே வெள்ளை வைத்து, இணைத்து இணைத்துப் பன்னிரண்டு தைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தன. செல்வி வாங்கிப் பார்த்துவிட்டு, இதற்கு ஏன் இத்தனை தையல் என்று கேட்டாள். இங்கே அப்படித்தானாம் என்றேன்.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த நாலாம் நாள் மத்தியானம், சரசக்கா கம்பெனி கேட்டில் வந்து நின்றார். வாட்ச்மேன் கூப்பிட்டு ஓடினேன். “தம்பி, கொழந்தைக்குத் தொடையெல்லாம் ரத்தமாட்ட இருக்குதுங்க. செல்வி அழுவுறா. வாங்க” என்றார். எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. பிள்ளையின் இடுப்பிலிருந்து முழங்கால் வரை சிவந்திருந்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆஸ்பத்திரியில் அதே நர்ஸம்மா, பஞ்சை வெந்நீரில் நனைத்துத் துடைத்தார். சிவப்பு பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் தோல் நன்றாகத்தான் இருந்தது, தையல் பதிந்த இடங்களில் மட்டும் வரி வரியாகத் தடித்திருந்தது. வந்தது ரத்தமில்லை, சாயம். இதை யார் தைத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். என்ன வேலை என்று கேட்டார். டெய்லர் என்றேன். அவர் சிவந்த பஞ்சை வாளியில் போட்டுவிட்டு வேறு பஞ்சை எடுத்தார். ஏதோ தேசத்துப் பிள்ளைகளுக்குத் தினமும் நூற்றுக்கணக்கில் சட்டை தைக்கிறவன், சொந்தப் பிள்ளையின் தொடையில் வரி போட்டுவிட்டு நின்றேன். சாயம் ஒட்டாமல் ஒதுக்கிய துணி அது என்று பிறகு கட்டிங் மாஸ்டர் சொன்னார். நான் எதற்குக் கேட்டேன் என்று அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லையாம்.

வீட்டுக்கு வந்ததும் சரசக்கா அந்தத் துணிகளைப் புரட்டிப் பார்த்தார். “ஏனுங்க தம்பி, இதுக்கு எதுக்கு இத்தன ஒட்டு?”

“நீங்கதானக்கா ஒட்டுப் போடச் சொன்னிய” என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. நாங்கள் மரியாதையாகச் சொல்லும் ‘சொன்னிய’, ‘ங்க’ கேட்டுப் பழகிய காதுக்கு மரியாதையாக விழாது என்பது எனக்கு அப்போது தெரியாது. துணியை மடித்துக் கீழே வைத்துவிட்டு, “ஒட்டுக்கான்னா மொத்தமா, ஒரே தடவையாங்க. மழ நாளு, ஒண்ணொண்ணாத் தெச்சாப் பத்தாதுன்னு சொன்னனுங்க” என்றார். வேற்று மொழியாக இருந்திருந்தால் இரண்டாம் முறை கேட்டிருப்பேன். தமிழ்தானே என்று கேட்காமல் விட்டேன்.

சாயங்காலம் அவர் தன் கணவரின் பழைய வேட்டி இரண்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தார். வாசலைத் தாண்டாமல் நின்றார். “பழசுங்க. குடுக்கறமேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார். குடிவந்தவனுக்குப் பழைய துணி கொடுத்தால் அவமானமாக எடுத்துக்கொள்வானோ என்பது அவர் தயக்கம். எங்கள் ஊரில் சொந்தக்காரர்கள் மட்டுமே கொடுக்கிற துணியை வேறொருவர் கையிலிருந்து வாங்கலாமா என்பது என் தயக்கம். இரண்டு பேரும் ஆளுக்கொரு காரணத்துக்காக நின்றுகொண்டே இருந்தோம். செல்விதான் எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையோடு ஓரத்தைப் பல்லால் கடித்து, நீளவாக்கில் கிழித்தாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் சரசக்கா உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கினார்.

அதன் பிறகு தைத்தவற்றில், வெந்நீரில் அலசிய வெள்ளை இண்டர்லாக் வெளியே, பழைய வேட்டி உள்ளே. முக்கோணமாக மடித்து, எலாஸ்டிக் இல்லாமல், இடுப்பில் நாடா முடிச்சு. தையல் முழுக்க வெளிப்பக்கம். கம்பெனியில் அப்படித் தைத்தால் செக்கிங்கில் தள்ளிவிடுவார்கள்.

மகள் நடந்து பேசத் தொடங்கிய பிறகு, ஒரு பொங்கலுக்கு ஊருக்குக் கூட்டிப்போனோம். செல்வி அவள் அப்பாவைப் பார்க்கப் போயிருந்தாள். அக்கா வீட்டில் பிள்ளை திடீரென்று என் வேட்டியைப் பிடித்து இழுத்து, “ஊட்டுக்கு, ஊட்டுக்கு” என்று அழுதது. திருப்பூரில் வீட்டை ஊடு என்பார்கள். சரசக்காவின் மடியில் வளர்ந்த பிள்ளைக்கு வேறு சொல் தெரியாது. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “பிள்ளைக்குப் பசிக்கி போல, ஊட்டச் சொல்லுதா” என்று நெய்ச்சோறு பிசைந்து எடுத்து வந்தாள். எத்தனையோ நாள் ஆசை அவள் முகத்தில் இருந்தது. அது சோறு கேட்கவில்லை, திருப்பூருக்குப் போக வேண்டும் என்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? இதுதான் நம் வீடு என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? இரண்டு பேர் பேச்சும் புரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். வாய் நிறையச் சோற்றோடு பிள்ளை வாசலைப் பார்த்துக் கையை நீட்டியது. அக்கா அடுத்த வாயை உருட்டினாள்.