எங்கள் மினாரா இடிபடாமல் நின்றது

சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த வாரம். எங்கள் கிள்ளான் பள்ளிவாசலின் மினாராவை, பாங்கு சொல்லும் அந்தக் கோபுரத்தை, இடிக்க முடிவாகிவிட்டதென்று என் கணவர் சோறு பிசைந்துகொண்டே சொன்னார். அவரும் நிர்வாகக் குழுவில் ஒருவர்.

"வெடிப்பு விட்டிருக்கு. பிள்ளைங்க மேல விழுந்தா யாரு பதில் சொல்றது? தலைவர் அரபு நாட்டு மாதிரி புதுசா கட்டலாங்கிறார்."

"நீங்களும் கை தூக்குனீங்களா, மச்சான்?"

"எல்லாரும் தூக்குனாங்க. நானும் தூக்குனேன்." எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நாகப்பட்டினக் கரையிலிருந்து கப்பலேறிக் கடல் கடந்து இந்தக் கிள்ளானுக்கு வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் துணி விற்றவர்களும் எழுப்பிய பள்ளி அது. ஊரில் பார்த்த மாதிரியே சதுரமாக, மேலே போகப் போகச் சிறுத்து, அடுக்கடுக்காக நிற்கும் மினாரா. செங்கல்லும் சுண்ணாம்பும்தான். அரபு நாட்டு மினாரா போல இல்லையென்று எங்கள் ஆட்களுக்கே அதைப் பார்த்து வெட்கம். பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். அழவில்லை. சண்டை போட்டேன். "யா அல்லாஹ், என் பேச்சு அங்க எடுபடாது. யார் பேச்சு எடுபடுமோ அவங்கள அனுப்பு."

அந்த வாரமே, பள்ளிக்கு எதிரே இருக்கும் எங்கள் துணிக்கடைக்குத் தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சிவகாமி ஆன்டி சேலை வாங்க வந்தார். யாழ்ப்பாணத் தமிழர், இந்து. அரசாங்கத்தில் பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர். வாசலில் நின்று மினாராவைப் பார்த்தவர் கடுகடுத்தார்.

"அது மேல யாரும்மா சிமெண்டு பூசுனது?"

குழு சிமெண்டு பூசியதிலிருந்து இடிக்க முடிவெடுத்தது வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கு என்னைவிடக் கோபம். மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். தலைவர் உள்ளே விடத் தயங்கினார்.

"பாஸ், நான் தொழ வரல லா. செவரப் பாக்க வந்தேன்."

இடிப்பதற்காகக் கட்டியிருந்த சாரத்தில் ஏறி, வெடித்த இடத்தில் சிமெண்டைப் பெயர்க்கச் சொன்னார். உள்ளே பழைய சுவர் கீறல் இல்லாமல் இருந்தது.

"வெடிச்சது நீங்க பூசுன சிமெண்டு. ஈரம் வெளிய போக வழியில்லாம அடைச்சிட்டீங்க. இத இடிக்கவா கூட்டம் போட்டீங்க?"

பிறகு கருவி வைத்துச் சோதித்தும் அதையே சொன்னார். என் கணவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"இடிக்க வேணாம். நான் தூக்குன கைய எறக்கிக்கிறேன்."

மற்றவர்களும் ஒப்புக்கொண்டு, சிமெண்டைச் சுரண்டி மறுபடி சுண்ணாம்பே பூசினார்கள். அல்ஹம்துலில்லாஹ். இப்போது நிர்வாகக் கூட்டத்தில் நானும் உட்காருகிறேன். பெண்களைக் கேட்காமல் எதையும் முடிவு செய்ய விடுவதில்லை.

பணிந்து, மெதுவாகக் கேட்டால்தான் நம் ரப்பாகிய அல்லாஹ் கேட்பான் என்று நினைத்திருந்தேன், சகோதரிகளே. அப்படி இல்லை. கோபம் வந்தால் அந்தக் கோபத்தோடேயே அவனிடம் போங்கள். அவன் நம்மைத் திருப்பி அனுப்புவதில்லை.