படப்பை ஸ்டாப்பில் பெர்சியஸ்

போன வியாழக்கிழமை உச்சி வெயிலில், படப்பை பஸ் ஸ்டாப்பில் நான் பெர்சியஸைப் பார்த்தேன்.

சிரிக்காதீர்கள். வெயில் கொளுத்தியது வாஸ்தவம்தான்... ஆனால் எனக்குப் பித்தம் தலைக்கேறவில்லை.

முன்கதை தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் கிரேக்கத்துக் கதை ஒன்று சொன்னேன். மெடூசா என்று ஒருத்தி. தலையில் முடிக்குப் பதில் பாம்புகள். அவள் பார்வையைச் சந்தித்தவர்கள் நின்ற இடத்திலேயே கல்லாகிவிடுவார்கள். பெர்சியஸ் என்ற வீரன் அவளை நேராகப் பார்க்கவே இல்லை. பளபளக்கும் கேடயத்தில் அவள் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே சோலியை முடித்தான். 'இந்த ஆள் இன்றைக்கு மறுபிறவி எடுத்து வந்தால் எங்கே இருப்பான்?' என்று கேட்டிருந்தேன். நீங்களும் பதில் அனுப்பினீர்கள். ராணுவம் என்றார் ஒருவர். சைபர் கிரைம் என்றார் இன்னொருவர். 'கண்டிப்பா ஜிம்ல' என்றும் ஒரு பதில்!

ஸ்டெல்லா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் மட்டும் வேறு மாதிரி.

"அக்கா, அந்தப் பாம்புத்தல சமாச்சாரம் எங்க ஸ்டாப்புல டெய்லி நடக்குதுக்கா. ஆனா பொம்பள இல்ல, மூணு ஆம்பள. பைக்ல குந்திகினு மொறைச்சிகினே கீறானுங்க. வியாழக்கெழம மத்தியானம் வாங்க. பெர்சியஸு இன்னா பண்றாருன்னு காட்டறேன்."

ஸ்டெல்லா மண்ணூரில் பிறந்து படப்பையில் வாழ்க்கைப்பட்டவர். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வெல்டிங்கின் அடிப்பக்கம் கண்ணுக்கு எட்டாது. கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். பார்த்ததும் விரலை நீட்டி, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். நன்றாக இருந்தால் 'ஓகே'. இல்லையென்றால் 'என்ஜி'. அதாவது நாட் குட். என்ஜி ஆன பார்ட் சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும். திருத்த முடிந்தால் 'ரீவொர்க்', முடியாவிட்டால் 'ஸ்கிராப்'. இந்த வட்டாரத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இந்த வார்த்தை தெரியும். குழம்பில் உப்பு குறைந்தாலும் இங்கே 'என்ஜி'தான்.

சரி, ஸ்டாப்புக்கு வருகிறேன்.

செகண்ட் ஷிப்ட்டுக்குப் போகும் பெண்கள் அங்கேதான் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பார்கள். எதிரே டீக்கடை. டீக்கடை ஓரமாக மூன்று பைக்குகள். தினமும் முறைப்பு, விசில், கமெண்ட். போனைத் தூக்கிப் பிடித்துப் படம் வேறு. அந்த மூவரில் சிவப்பு பைக்குக்காரன் ஒருபடி மேலே போய், கௌசல்யா என்கிற பெண்ணைப் படம் பிடித்து, ஒரு காதல் பாட்டோடு தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். அது ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் அவள் அப்பா போனுக்கும் வந்து சேர்ந்தது.

கௌசல்யா வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. ஸ்டெல்லாவின் லைனில் டிரெய்னி. அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "இந்த சனிக்கெழமயோட நின்னுக்கோ."

கம்பெனியில் போய்ச் சொன்னால்? 'வேற ஸ்டாப்ல ஏறிக்கோங்கம்மா' என்றார்களாம்.

எனக்கு வந்ததே கோபம்! தப்பு செய்தவன் பைக்கில் உட்கார்ந்திருப்பானாம். இவள் வீட்டில் உட்கார வேண்டுமாம். அவன் நிற்கிற இடம் அப்படியே இருக்குமாம், இவள் ஸ்டாப் மட்டும் மாற வேண்டுமாம். என்ன நியாயம் இது? எந்த ஊர் நியாயம்? ஒரு பெண்ணின் சம்பாத்தியத்தை நிறுத்துவதற்கு ஒருத்தன் முறைத்தால் போதும் என்றால், அந்தப் பார்வைக்கும் மெடூசா பார்வைக்கும் என்ன வித்தியாசம்? கதையில் அந்தப் பார்வையை ஒரு பெண்ணின் தலையில் கட்டியது யார் என்பதில் எனக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம் உண்டு.

வியாழக்கிழமை நான் போனபோது மூன்று பைக்குகளும் ஆஜர். ஒன்றிலும் கண்ணாடி இல்லை. கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவதுதான் ஸ்டைலாம். டீக்கடைக்கு இந்தப் பக்கம் பழைய மொபெட் மேல் சாய்ந்தபடி கௌசல்யாவின் அப்பா. மகளைத் தனியாக விடப் பயந்து, தினமும் கொண்டுவந்து விட்டு, பஸ் ஏறும்வரை நிற்கிறார்.

ஸ்டெல்லா பையைத் திறந்தார். உள்ளே பைக் கண்ணாடிகள்!

"கம்பெனி கண்ணாடிய மெயின் கேட்டத் தாண்ட வுட மாட்டானுங்கக்கா. இது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில வாங்கனது" என்று ஆளுக்கொன்று கொடுத்தார். நானும் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சும்மா வேடிக்கை பார்க்கவா அவ்வளவு தூரம் போனேன்?

பெண்கள் எல்லோரும் அந்த மூவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். கண்ணாடிகள் தோளுக்கு மேலே உயர்ந்தன. உச்சி வெயில் அதில் பட்டு அந்த மூன்று முகத்திலும் அடித்தது. போனைத் தூக்கினவன் கண் கூசி இறக்கிவிட்டான்.

ஸ்டெல்லா, ஷிப்ட்டில் நிற்பது போலவே விரலை நீட்டிக் குரல் கொடுத்தார். "பார்ட்டு ஒண்ணு. பார்வ சரியில்ல!"

"என்ஜி!" என்றார்கள் அத்தனை பேரும்.

"பார்ட்டு ரெண்டு. வாய் சரியில்ல!"

"என்ஜி!"

மூன்றாவது சிவப்பு பைக். ஸ்டெல்லா விரலை இறக்கிவிட்டு கௌசல்யாவைப் பார்த்தார். அவள் கண்ணாடியைச் சிவப்பு பைக் பக்கம் திருப்பினாள். அதில் அவன் முகம் ஆடியது. நான் மனதுக்குள் கத்தினேன்... சொல்லடி பெண்ணே, சொல்லிவிடு!

"பார்ட்டு மூணு" என்றாள். குரல் கம்மிப்போனது. மறுபடி ஆரம்பித்தாள். "கேக்காம என் போட்டாவப் போட்டவன். இது ரீவொர்க்குக்கும் ஆவாது. ஸ்கிராப்பு!"

டீக்கடையே வெடித்துச் சிரித்தது. கம்பெனி யூனிஃபார்மில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "தம்பி, செவப்புப் பெட்டி அந்தாண்ட கீதுபா, போய்க் குந்திக்கோ!" என்றார். சிவப்பு பைக்குக்காரனும் ஏதோ கம்பெனி பேன்ட்தான் போட்டிருந்தான். அவனுக்குப் புரியாதா என்ன? மூவரும் கல்லாகத்தான் நின்றார்கள். வண்டியைக் கிளப்ப வேண்டும் என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தோன்றியது.

சட்டத்தைக் கையில் எடுக்கலாமா என்று யாராவது கடிதம் எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கையில் எடுத்தது கண்ணாடியை. இதில் குற்றம் கண்டுபிடிக்க வருகிறவர்கள் தாராளமாக வரட்டும். அவர்களுக்கும் ஒன்று காட்டுவோம்.

அதற்குள் கௌசல்யாவின் அப்பா எங்களை நோக்கி வந்தார். சிரிப்பு அடங்கியது. அவள் கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

"யாருது இது?"

"ஸ்டெல்லாக்காதுப்பா."

"குட்த்துடு."

கொடுத்துவிட்டாள். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் திரும்பி மொபெட்டிடம் போனார். சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். குனிந்து ஏதோ திருகினார். திரும்பி வந்தபோது அவர் கையில் அவருடைய வண்டிக் கண்ணாடி.

"இன்னாத்துக்கு அடுத்தவங்களது? இந்தா, இத்த வெச்சிக்கோ. அடுத்த வாரமும் ஸ்டாப்புக்கு வரணும் இல்ல?"

"சனிக்கெழமையோட நின்னுக்கச் சொன்னியேப்பா..."

"இப்ப இன்னாத்துக்கு அந்தப் பேச்சு? பஸ்ஸு வருது பாரு, ஏறு."

ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் அந்தக் கண்ணாடியை வைத்துக்கொண்டு அழுதாள். சிரித்தாள் என்கிறார் ஸ்டெல்லா. இரண்டும்தான்.

இந்த வாரமும் ஷிப்ட்டுக்குப் போகிறாள்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். படப்பை ரோட்டில் ஒரு பக்கம் கண்ணாடி இல்லாத பழைய மொபெட் ஒன்று வந்தால், ஹாரன் அடிக்காமல் வழி விடுங்கள். அதில் வருபவர் பெர்சியஸுடைய அப்பா.