தகட்டில் இருந்த பொட்டு

தீப்பெட்டி அளவில் ஒரு பித்தளைத் தகடு. ஓரத்தில் கறுப்பு வயர். மஹய்யாவையில் அண்ணி வீட்டு முன்னறையில், பெயர்ப்பலகை வெட்டும் சி.என்.சி. மெஷினின் பக்கத்தில் இன்றும் அது தொங்குகிறது. பலகையின் மேல் தகட்டை வைத்து, மரத்தைக் குடையும் முனையான பிட்டில் ஒரு கிளிப்பை மாட்டி இறக்கினால், பிட் தகட்டைத் தொட்ட கணத்தில் மின்சாரம் பாய்ந்து மெஷின் நின்றுவிடும். மரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அதற்கு விளங்கிவிடும். இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் அண்ணிதான். நான் மாநகர சபைக் கிளார்க். பல்பு மாற்றுவதோடு என் மின்சார ஞானம் சரி.

பாகம் பாகமாக வரவழைத்து அந்த மெஷினைப் பூட்டியவன் அண்ணன். தகட்டையும் அவனே அரம் போட்டுச் செய்தான். சரஸ்வதி பூஜையன்று தையல் மெஷின், கிரைண்டர், சி.என்.சி. என்று வீட்டில் எதையும் விடாமல் சந்தனப் பொட்டு வைத்தான். அந்தக் கிழமை முடியுமுன்னே மாரடைப்பில் போய்விட்டான். ஆள் அப்படித்தான், எதையும் சொல்லிவிட்டுச் செய்யமாட்டான்.

பல மாதம் மெஷின் போர்வைக்குள் கிடந்தது. ஒருநாள் அண்ணி போர்வையை எடுத்துவிட்டு, "நானே ஓட்டப்போறேன் தம்பி" என்றார். அண்ணன் காலத்தில் பிசகாமல் ஓடிய மெஷின் எங்களிடம் மசியவில்லை. 'ஹோம்' பொத்தானை அழுத்தினால் சமர்த்தாக மூலைக்குப் போய், சுவிட்சைத் தொட்டுத் திரும்பியது. தகட்டை நோக்கி இறக்கினால் மட்டும் நிற்காமல் தகட்டை மரத்துக்குள் அமுக்கியது. சிவப்பு நிறுத்தப் பொத்தானில் விரலை வைத்தபடி அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படியும் பிட்டுகள் முறிந்தன. வயரை மாற்றினோம். கிளிப்பைச் சுரண்டினோம். மின்சாரம் பாய்கிறதா என்று தகட்டின் ஓரத்தில் மீட்டரை வைத்தால் ஒழுங்காகக் கீச்சென்றது. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கட்டுகஸ்தோட்டையில் ஒருவர் மெஷினை விலைக்குக் கேட்டிருந்தார், கொடுத்துவிடலாம் என்றேன்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல நீங்க சொல்றபடி" என்றார் அண்ணி. மெஷினும் போனால் அண்ணனை இரண்டாம் முறை அனுப்பிவைப்பது போலாகிவிடும் என்று அவர் பயந்தார். அது முகத்திலேயே தெரிந்தது.

புதுத் தகடு வாங்க அக்குறணைக்குப் போனேன். சாமான் கடை நானா, முஸ்லிம் பெரியவர், பழையதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுவுல என்னமோ காஞ்சி ஒட்டி ஈக்குதே தம்பி?"

"சந்தனப் பொட்டு நானா. பூஜைக்கு வச்சது."

"பிட்டு வந்து படுற எடமும் அதானே? அப்ப அது பித்தளையில படல்ல, பொட்டுலதான் படுது. அதுல கரண்ட் ஓடாது." சுரண்டிப் பார்க்க நகத்தைக் கொண்டுபோனவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "நான் தொடக்கூடாது. ஊட்டுல கேட்டுட்டு நீங்களே தொடைங்க."

மஞ்சள் தகட்டில் மஞ்சள் பொட்டு. தினமும் கண்ணில் பட்டதுதான். வயரைச் சந்தேகப்பட்டோம், கிளிப்பைச் சந்தேகப்பட்டோம். பூஜைக்கு வைத்த பொட்டைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? பஸ்ஸில் எனக்குச் சிரிப்பாக வந்தது. வீட்டுப் படியேறும்போது சிரிப்பு நின்றுவிட்டது. தையல் மெஷினிலும் கிரைண்டரிலும் இருந்த பொட்டுகள் துடைத்துத் துடைத்து எப்போதோ போயிருந்தன. அண்ணன் விரல் வைத்ததில் மிச்சம் இது ஒன்றுதான்.

விஷயத்தைச் சொன்னேன். "புதுசும் வாங்கியாந்திருக்கேன் அண்ணி. இத அப்படியே எடுத்து வச்சிக்குவோம்."

அண்ணி தகட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "இது அவரு கையால செஞ்சது தம்பி. சும்மா வச்சிப் பாக்கவா செஞ்சாரு?"

விரலை நனைத்துப் பொட்டைத் தேய்த்தார். அத்தனை மாதம் காய்ந்து கிடந்த சந்தனம் மணந்தது. அண்ணி அழுதார், நானும்தான். விரலில் வந்ததை அவர் துணியில் துடைக்கவில்லை. மெஷினின் இரும்புத் தூணில் வைத்தார்.

"இங்க இருக்கட்டும். இங்க பிட்டு வராது."

பொத்தானை அழுத்தினார். பிட் இறங்கியது, தகட்டைத் தொட்டது, நின்றது.

இப்போது அந்த முன்னறையில் நாள் முழுக்க மரத்தூள் வாசம். பூஜைக்கு அண்ணியே எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறார். தூணில் பழையதன் மேல் புதியது ஏறி ஏறிக் கனத்திருக்கிறது. தகட்டில் மட்டும் வைப்பதில்லை. பளிச்சென்று துடைத்துத் தொங்கவிடுகிறார். முன்பெல்லாம் பிட் இறங்கும்போது அவர் விரல் சிவப்புப் பொத்தானில் இருக்கும். இப்போது தூணில் இருக்கிறது.