நாய் ஒப்புக்கொண்ட குற்றம்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பனியன் கம்பெனியில் தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிக்கிற வேலையில் சேர்ந்து, இன்று சொந்தக் கம்பெனி நடத்துகிறேன். காதர்பேட்டை பனியன் சந்தைக்கு வரும் வியாபாரி என் கடைப்படி ஏறும்போதே, இவன் வாங்குவானா, விலை மட்டும் கேட்டுவிட்டுப் போவானா என்று சொல்லிவிடுவேன். ஆளைப் பார்த்து எடை போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று போன மாதம் வரை சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

அன்று காலை, வாசலில் துவைத்துக் காயப்போட்டிருந்த சாம்பிள் துணி கிழிந்து கிடந்தது. பக்கத்தில் எங்கள் வீட்டு நாய். "எவன் வேலைடா இது?" என்று கத்தினேன். அது காதுகளைப் பின்னால் ஒட்டவைத்து, வாலைக் கால்களுக்குள் சுருட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாக்கை நீட்டி மூக்கை நக்கியது.

"பாத்தியா புள்ள, அதுவே ஒத்துக்குது" என்றேன் மனைவியிடம். "சாயங்காலம் வண்டியில ஏத்தி வீரபாண்டிப் பக்கம் உட்டுட்டு வர டிரைவர்கிட்டச் சொல்றேன்."

"தலையக் குனிஞ்சா ஒத்துக்கிட்டதுன்னு ஆயிருமாங்க?"

"பின்னே? எத்தன பேரப் பாத்திருக்கேன்! குத்தம் பண்ணுனவன்தான் கூனிக் குறுகுவான்."

அந்த நேரம் சாயப்பட்டறையிலிருந்து போன். துணி இன்றைக்கும் வராதாம். எங்கள் தொழிலில் சத்தம் போட்டால்தான் துணி நகரும். போட்டேன். போனை வைத்ததும் மனைவி, "அங்க பாருங்க" என்றாள்.

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நாய். அதே காது, அதே வால், அதே நாக்கு.

"இப்ப அது என்ன தப்புப் பண்ணுச்சுங்க? சாயப்பட்டறைத் துணிய அதுவா அனுப்பாம வெச்சிருக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"அது பயமுங்க. நீங்க ஊட்டுக்குள்ள வந்தாலே காது பின்னால போயிருது. எனக்குக் காது அப்படிப் போறதில்ல. அதனால உங்களுக்குத் தெரியல."

குனிந்து, "வா கண்ணு" என்று நாயிடம் கை நீட்டினேன். அது கொட்டாவி விட்டது.

"தூக்கம் வருதாட்ட இருக்குது" என்றேன்.

"அதுவும் பயந்தானுங்க. கைய எடுங்க."

எடுத்தேன். நாய் என்னை உரசாமல் சுவரோரமாகச் சுற்றிப் போய் அவள் பின்னால் நின்றுகொண்டது. துணியைக் கிழித்தது எது என்று இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் டிரைவர் வந்தான். நாய் இங்கேயே இருக்கட்டும், நீ போகலாம் என்று மெதுவாகத்தான் சொன்னேன். நான் வாய் திறந்ததுமே அவன் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டான். இத்தனை வருடமாக அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.