பாட்டனின் இடது கண்
தியோபிரா பால் ஏற்றும் லாரி ஓட்டிப் பிழைத்தாலும், ஊரின் முன்னோர் கூடத்தில் முகங்கள் செதுக்கிய மரத்தூண்களில் பாதி அவர் உளி பட்டவை. முப்பது வருஷத்தில் ஒரு மரத்தூளைக்கூட அவர் வாயால் ஊதியதில்லை. முன்னோர் முகத்தில் எச்சில் காற்று படலாமா? பிரஷ்ஷால்தான் தட்டிவிடுவார்.

அன்று புதுத் தூணில் பாட்டன் முகத்தின் இடது கண்ணைக் குடைந்துகொண்டிருந்தார். குழியில் தூள் அடைத்தது. குனிந்து ஊதிவிட்டார்.

ஊதிய பிறகுதான் உறைத்தது. ஒரு வாரமாகப் பேத்திக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கை ஊதி ஊதி ஊட்டிய வாய் அது.

பக்கத்துத் தூணைச் செதுக்கிக்கொண்டிருந்த தம்பி வெத்தினி அதைப் பார்க்கவில்லை. "என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? பாட்டன் கண்ணடிச்சிட்டாரா?"

சிரித்து மழுப்பியிருக்கலாம். இந்தத் தூணுக்காகத்தான் ஆறு வருஷம் காத்திருந்தார்.

"ஊதிட்டேன்டா."

வெத்தினியின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. "வாயாலயா?"

"வாயாலதான். இனி நான் இதத் தொடக் கூடாது. நீயே முடிச்சிடு."

உளியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு நடந்தார். வாசல் தாண்டும்வரை வாயைப் பொத்திய கையை அவர் எடுக்கவேயில்லை.