தயிரைப் பற்றி மிகையாகச் சொல்லாதவர்

டாக்டர் பகவதி மறைந்த செய்தி, ஆய்வகத்தில் நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய தம்பி அழைத்திருந்தார். "அக்கா போயிட்டா. ஹார்ட்டாக்கும்," என்றார்.

நாங்கள் பல ஆண்டுகள் எதிரெதிர் மேசைகளில் வேலை செய்தவர்கள். தயிரிலும் புளித்த மாவிலும் வளரும் நல்ல பாக்டீரியாக்களில் எவை ரத்தக் கொழுப்பைக் குறைக்க உதவக்கூடும் என்பதே அவருடைய தேடல். அவர் வசித்த வலியசாலையில் 'தயிர் டாக்டர்' என்றால்தான் தெரியும். அப்பாவை இளம் வயதிலேயே மாரடைப்புக்குப் பறிகொடுத்தவர். அப்பாவுக்கு இருந்த அதே ரத்தக் கொழுப்பு அவருக்கும் இருந்தது. சாப்பிட்டதும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை எடுப்பார். நான் கேலி செய்தால், "என் ஆராய்ச்சி முடியற வரைக்கும் நெஞ்சு காத்திருக்குமா?" என்பார்.

ஒரு கூட்டத்தில் அவர் பேசியதை, 'கொலஸ்ட்ராலுக்குத் தயிரே மருந்து' என்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று தலைப்பிட்டுவிட்டது. சில நாட்களில் சாலை பஜாரிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். அரிசிக் கடை நடத்தும் அவர் கணவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டாராம். பகவதி கையிலிருந்த வேலையை அப்படியே விட்டு எழுந்தார். "வாங்க, சாலை பஜாருக்குப் போலாம்," என்றார்.

கடையில் அண்ணாச்சி அசரவில்லை. "நீங்க சொன்னதாத்தானே டாக்டரம்மா போட்டிருக்கான்? மாத்திரை தின்னா கால் உளையுது."

பகவதி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கல்லீரல் கொழுப்பை எடுத்துப் பித்தநீர் செய்யும். குடல் அதுல பெரும்பகுதியக் கல்லீரலுக்கே திரும்ப அனுப்பிடும். சில பாக்டீரியா அந்தப் பித்தநீர்ல உள்ள உப்பை உடைச்சு விடும். உடைஞ்சதுல நிறைய வெளிய போயிடும். அப்போ கல்லீரல் புதுசா செய்யணும். அதுக்கு ரத்தத்துல உள்ள கொழுப்பை எடுக்கும். இதாக்கும் நான் சொன்னது."

"அப்போ குறையும், அல்லே?"

"கொஞ்சம் குறையலாம். எல்லா பாக்டீரியாவும் இதைச் செய்யாது. உங்க வீட்டுத் தயிர்ல அது இருக்கான்னு எனக்கே தெரியாது. தயிர் சாப்பிடுங்க, வேண்டாங்கல. மாத்திரைய விடாதீங்க. கால் உளைச்சலை உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. நீங்க அவருக்கு போன் பண்ற வரைக்கும் நான் இங்கயே இருப்பேன்."

இருந்தார். அரிசி வாங்க வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் அண்ணாச்சி போனை எடுத்தார். மருத்துவர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்ததாகப் பிறகு தெரிந்தது.

பத்திரிகை ஒரு மூலையில் திருத்தம் வெளியிட்டது. பகவதி அதைப் பார்த்துவிட்டு, "தலைப்பு பெருசு, திருத்தம் சிறுசு. மிச்சத்தை நாமதான் நடந்து சொல்லணும்," என்றார். பழவங்காடிக் கடைகளிலும் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களிலும் அதே விளக்கத்தைச் சலிக்காமல் சொன்னார். கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. தயிர் குணமாக்கும் என்று சொல்பவரைக் கேட்கத்தான் ஆட்களுக்கு ஆசை. அவர் நிறுத்தவில்லை.

இறுதிச் சடங்கன்று அவர் வீட்டு வாசலில், "இத்தனை தயிர் ஆராய்ச்சி பண்ணியும் ஹார்ட்லதானே போனா?" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. நான் பதில் சொல்வதற்குள், ஓரமாக நின்ற அண்ணாச்சி திரும்பினார்.

"தயிர் காப்பாத்தும்னு அவங்க ஒருநாளும் சொல்லல. நாந்தான் அப்படி எடுத்துக்கிட்டேன். அவங்க வந்து உட்காரலன்னா நான் இன்னைக்கு இங்க நிக்க மாட்டேன்."



மாத்திரை எடுத்தும் பகவதி போய்விட்டார். அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொண்டால் அவருக்கே பிடிக்காது. இதைப் படிக்கும், அவரை அறிந்த உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லும் பிடிவாதத்தை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் வளர்த்த பாக்டீரியாக்கள் உறைபெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் பல, பித்தநீரின் உப்பை உடைக்கின்றனவா என்று இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. அவற்றில் முதல் குப்பியை நேற்று வெளியே எடுத்தேன்.